பல்லி சொல்லாத வீடு

சேராது. சேராது என்று தெரிந்துதான் வீட்டிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மாடிப்படிக்குக் கீழே பழைய செருப்புகளோடு கிடந்த கறுப்புப் பெட்டி. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிறவன் மாதிரி, வேகத்தடை வந்தபோதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். இது வீட்டுக்கென்று செய்த பேக்கப் சர்வர். மகள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆடியது, மச்சினன் கல்யாண வீடியோ, பத்திர நகல் என்று வீட்டில் உள்ளதற்கெல்லாம் இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் இதற்குத் தெரியும். என் பெஞ்சாதி வத்சலாவின் செவித்திறன் மையத்தில் இருப்பது டொமைன். அதாவது இங்கே ஒரு சர்வர் இருக்கிறது, குடும்பத் தலைவர் மாதிரி. ரேஷன் அட்டையில் யார் பெயர் இருக்கிறது, யார் எந்த அறைக்குள் போகலாம் என்பதெல்லாம் அது சொல்லித்தான் நடக்கும். வரவேற்பு மேசையில் ஒன்று, பரிசோதனை அறையில் ஒன்று, காது மெஷின் பொருத்தும் அறையில் ஒன்று என்று இருக்கும் கணினிகள் காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் கண் விழிக்கும். என் பெட்டிக்கு அந்த அட்டையில் பெயர் சேர்க்க வழி கிடையாது. வீட்டுப் பெட்டி வீட்டோடு கிடக்கட்டும் என்று செய்தவனே அந்தக் கதவை வைக்காமல் விட்டுவிட்டான். இருந்தும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். நடை சாத்திவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் கோயில் வாசல்வரை போய்விட்டு வருகிறோமே, அந்த மாதிரி. திரையில் அந்த இடம் மங்கலாக இருந்தது, சொடுக்கினால் அசையவில்லை. "என்ன, சேரலயா?" என்றாள் வத்சலா. எனக்குப் பின்னால் நின்றாள். பின்னால் என்றாலும் இடது பக்கமாக. "சேராது. சேரவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி வாசல்ல நின்னு வாங்கிக்கிடட்டும்" என்றேன்.

வாசலில் நின்று வாங்க ஒரு தந்திரம் உண்டு. சர்வரில் எனக்கு என்ன பெயரும் கடவுச்சொல்லும் இருக்கிறதோ, அதே பெயர், அதே கடவுச்சொல்லில் என் பெட்டியிலும் ஒரு ஆளை உண்டாக்க வேண்டும். இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனால் அங்கிருந்து இவன் வந்து தட்டினால் நம்ம ஆள்தானே என்று இது கதவைத் திறந்துவிடும். திறந்தது. திறந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை வத்சலாவிடம் சொன்னால் சிரிப்பாள், சொல்லவில்லை. இடம் போதாமல் மச்சினன் கல்யாண வீடியோவை மட்டும் காலையில் அழித்துவிட்டேன். அதையும் சொல்லவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம். இப்போது சர்வரின் டிஸ்க்கிலிருந்து பெரிய கோப்பு ஒன்று வந்துகொண்டிருக்கிறது. திரையில் ஒரு பச்சைப் பட்டை. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்ட பிறகு, வடசேரிக்குப் போகும் ரோட்டில் பஸ் சத்தம்கூடக் குறைவாகத்தான் இருக்கிறது. குறைவாக இருக்கிறதா, எனக்குக் குறைவாகக் கேட்கிறதா, அதை இப்போது யோசிக்க வேண்டாம்.

இசக்கியப்பன் நேற்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். தோவாளைப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிற ஆள். பிச்சிப்பூ ஏலத்தில் அவனவன் கூவுகிற விலை காதில் விழாமல், தலையை ஆட்டித் தலையை ஆட்டி நஷ்டப்பட்டு, பெண்டாட்டி பிடித்து இழுத்துவந்து நேற்றுதான் இரண்டு காதிலும் மெஷின் மாட்டவைத்தாள். வத்சலா வழக்கப்படி காகிதத்தைக் கசக்கிக் காட்டினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள். அவர் அதையெல்லாம் சட்டை செய்யாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "டாக்டரம்மா, ஒங்க செவுத்துக்குள்ள பல்லி சொல்லுது." அவள் டாக்டர் இல்லை, சொல்லியும் யாரும் கேட்பதில்லை. "புது மெஷின்லா, கொஞ்ச நாளைக்கு எல்லாச் சத்தமும் பெருசாத்தான் கேக்கும்." "பெருசு சிறுசு இல்லம்மா. இது விடாம சொல்லுது. அதுவும் தெக்கு மூலையில. தெக்குல சொன்னா நல்லதில்லேம்பாவ." கூட வந்த பெண்டாட்டி, "இவ்வளவு நாளா நான் தொண்டை கிழியக் கத்துனது கேக்கல, பல்லி சொல்லுதது கேக்கு பாருங்க" என்றாளாம். வத்சலா எழுந்து தெற்கு மூலையில் உள்ள சின்ன அறையைத் திறந்திருக்கிறாள். பல்லி இல்லை. சர்வர். டிக், டிக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டிக். அவள் நாள் முழுக்கச் சத்தம் புகாத கண்ணாடி அறையில் இருப்பவள். வரவேற்பில் இருக்கும் ஷைனிக்கு ரோட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்காது. எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததோ. எனக்குப் போன் போட்டாள். "ஏங்க, பல்லி ஒண்ணும் இல்ல, ஒங்க சர்வராக்கும் சொல்லுது."

தினமும் பேக்கப் ஆகிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆகிக்கொண்டும் இருந்தது. இதை அமைத்துக் கொடுத்த பையன், நல்ல பையன், இப்போது துபாயில், "தினமும் ராத்திரி தானா எடுத்துக்கிடும் சார், நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எங்கே எடுத்துக்கொள்கிறது என்று நேற்று சாயங்காலம் பார்த்தேன். அதே டிஸ்க்கின் அடுத்த பாகத்தில். வீட்டுச் சாவிக்கு மாற்றுச்சாவி செய்து அதை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி. டிஸ்க் நின்றால் இரண்டும் நிற்கும். திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வர செவ்வாய் ஆகும் என்றார்கள். அதுவரை அணைக்காதீர்கள், அணைத்தால் மறுபடி சுற்றாமல் போகலாம் என்றார்கள். அணைக்காமல் இருக்கலாம், ஆனால் அது தானாக நின்றுவிட்டால்? அந்த நேரத்தில்தான் எனக்கு மாடிப்படி ஞாபகம் வந்தது. மாடிப்படிக்குக் கீழே குந்தியிருந்த இதன் ஞாபகம். இதை வாங்கிய காலத்தில் வத்சலா, "வீட்டுல இருக்கது நாலு போட்டோ, அதுக்கு ஒரு காவல்காரனா?" என்று கேட்டாள். அவளுடைய வருஷங்களெல்லாம் இப்போது அந்தக் காவல்காரன் மடியில் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. பட்டை நகர்கிறது. நகர்ந்தது. நின்றுவிட்டது.

வத்சலா ஒரு விரலைத் தூக்கினாள். சர்வருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். விரல் உயர்ந்தால் டிக் கேட்கிறது என்று அர்த்தம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. "இப்ப அடிக்கா?" என்று நான் இரண்டு மூன்று தடவை கேட்டேன், பிறகு அவள் பேசாமல் விரலைத் தூக்க ஆரம்பித்துவிட்டாள். நாள் பூராவும் அடுத்தவர்களை விரல் தூக்கச் சொல்லுகிறவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள், சின்னதாகக் கேட்டாலும் தூக்குங்கள், சந்தேகமாக இருந்தாலும் தூக்குங்கள் என்று சொல்லுகிறவள். இன்று அவளே தூக்குகிறாள், நான் பார்க்கிறேன். டிஸ்க் ஒரு இடத்தில் படிக்க முடியாமல் தடுமாறும்போது டிக் அடிக்கிறது, விரல் உயர்கிறது, பட்டை நிற்கிறது. பிறகு எப்படியோ படித்துவிடுகிறது, விரல் இறங்குகிறது, பட்டை நகர்கிறது. பட்டை நகர்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நானும் எழுந்து போய் சர்வரின்மேல் காதை வைத்துப் பார்த்தேன். ஃபேன் சத்தம். வெயில் நேரத்து மின்விசிறி மாதிரி ஒரே சீரான உறுமல், அதற்குள் வேறு எதுவும் இல்லை. அவள் விரல் அப்போது உயர்ந்திருந்தது. "பெலமா கேக்கா?" என்றேன். "ம். கேக்கு." "பல்லி மாதிரியேவா?" "அப்படியே பல்லிதான். நம்ம வீட்டுல..." என்று ஆரம்பித்தவள், "பட்டை நகந்துட்டா பாருங்க" என்றாள். நகரவில்லை. நம்ம வீட்டுல, என்ன?

நம்ம வீட்டுல. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இருக்கட்டும், பட்டையைப் பார்ப்போம். இந்தக் கோப்பு முழுசாக வர வேண்டும். பாதி வந்தால் ஒன்றும் வராததற்குச் சமம். மெஷின் மாட்டியவர்கள் அத்தனை பேரின் காதும் இந்த ஒரே கோப்புக்குள் இருக்கிறது. யாருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு குறைவு, எதை எவ்வளவு ஏற்றியிருக்கிறது, ஏற்றினால் யாருக்குத் தலைவலி வந்தது, எல்லாம். காதில் இருக்கிற மெஷினிலும் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் பழுதாகிக் கம்பெனிக்குப் போன மெஷின் துடைத்த சிலேட்டாகத் திரும்பி வரும். இங்கிருந்துதான் மறுபடி ஊற்ற வேண்டும். குலசேகரத்து ஜெனிஷாவின் மெஷின் இரண்டும் இப்போது கம்பெனியில். ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள், ஜூனில் ஒன்றாம் வகுப்பு. பெரியவர்கள் கேட்கிறது, கேட்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள்; கைக்குழந்தையாக வந்த இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? வத்சலா டம்ளரைத் தட்டினாள், பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நின்று பேர் சொன்னாள், திரும்புகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் ஏற்றினாள், அழுதது, இறக்கினாள். அடுத்த மாதம் மறுபடி. அந்தப் பிள்ளை முதன்முதலாக மழைச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கி ஓட்டுக்கூரையைப் பார்த்த அன்று வத்சலா வீட்டுக்கு வந்து சமைக்கவே இல்லை, "கடையில வாங்கிக்கிடலாம், எனக்கு இன்னைக்குக் கை ஓடல" என்றாள். அப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது இந்தக் கோப்புக்குள் எங்கோ கிடக்கிறது. வெறும் மெஷின் வந்தால் முதலிலிருந்து தொடங்கலாம், முடியாதென்றில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் நேரத்தில் பிள்ளை மறுபடி ஒரு வருஷம் அழ வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது. கரண்டு போய்விட்டால்? யூபிஎஸ் இருக்கிறது. பேட்டரி நான் போட்டது, போன மாதம்தான் தண்ணீர் ஊற்றினேன். யூபிஎஸ்ஸே நின்றால்? நிற்காது. நின்றால்? விரல் உயர்ந்தது. இறங்கவில்லை.

நம்ம வீட்டுல பல்லி. நம்ம வீட்டில் பல்லி கிடையாது. அதை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பழைய வாடகை வீட்டில் பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒன்று கிடந்து ஓயாமல் சொல்லும். சொந்த வீடு கட்டிக் குடிவந்து கொஞ்ச காலத்தில் இரண்டாவது தடவை பெயிண்ட் அடித்தோம், அதற்குப் பிறகு பல்லிச் சத்தம் கேட்டதே இல்லை. பெயிண்ட் கடைக்காரரிடம் போய் அந்தப் பெயிண்டைப் பாராட்டிவிட்டுக்கூட வந்தேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வத்சலாவிடம், "பாத்தியா, பெயிண்டுக்கப் பொறவு ஒரு பல்லி வாயைத் திறக்கல" என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ம்" என்றாள். அந்த ம். கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்ன அந்த ம். இத்தனை வருஷம் கழித்து, இந்தச் சின்ன அறையில், உயர்ந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது என் காதில் விழுகிறது. பல்லி இருந்தது. சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் காலிங் பெல்? குருவி கத்துவது மாதிரி இருந்த பெல்லை மாற்றி, டங் என்று அடிக்கிற பெல்லை அவள்தான் வாங்கி வந்தாள், பழையது சகிக்கவில்லை என்று சொல்லி. என் செல்போனில் செண்டை மேளம் வைத்தது அவள். குக்கர் விசிலை நான் எண்ண வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு, "நீங்க எண்ணாண்டாம், நான் பாத்துக்கிடுதேன், நீங்க எண்ணுனா குழையுது" என்றாள். ரோட்டில் நடந்தால் இடது பக்கம் வருகிறாள். வலது காதுதான் எனக்கு மோசம் போலிருக்கிறது. எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வத்சலா எப்போதும் இப்படித் தாழ்ந்த குரலிலா பேசினாள்? கல்யாணமான புதிதில் அவளுக்குக் கீச்சுக் குரல். என் அக்காவே கேலி செய்வாள், "ஒனக்க பெஞ்சாதி பேசுனா பால் திரிஞ்சுபோவும்ல" என்று. வயதானால் குரல் தடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் மகளிடம் பேசும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அவளிடம் வேறு குரலில்தான் பேசுகிறாள். எனக்கென்று ஒரு குரலைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

விரல் இறங்கிவிட்டது. பட்டை நகர்கிறது, முக்கால்வாசி தாண்டிவிட்டது. நல்ல பெட்டி. நல்ல டிஸ்க், சாகப்போகிற டிஸ்க்கானாலும் கேட்டதைத் திரும்பத் திரும்பத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். அந்த முகம் எனக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிப் பக்கம் நூற்பாலையில் நான் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தபோது, தொழிலாளிகளுக்குக் காது பரிசோதனை என்று ஒரு வேனில் வந்து இறங்கினாள், படிப்பு முடித்த கையோடு. வேனுக்குக் கரண்டு இழுத்துக் கொடுத்தவன் நான். மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, "ஒங்களுக்கு நல்ல காது" என்றாள். மில்லில் அதுவரை யாரும் என் எந்த அவயவத்தையும் பாராட்டியதில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் பெண் கேட்க ஆள் அனுப்பினேன். மையம் தொடங்கிய பிறகு திங்கட்கிழமை தோறும், கடை திறக்குமுன், என்னை அந்தக் கண்ணாடி அறையில் உட்காரவைப்பாள். தெரிந்த காது ஒன்று வேண்டும் என்பாள். காது மாறாது, மெஷின்தான் மாறும். உங்களுக்குப் போன வாரம் கேட்டது இந்த வாரம் கேட்கவில்லை என்றால் மெஷினில் கோளாறு என்று அர்த்தம். "ஒங்க காதை நம்பித்தான் இந்த ஊரு காதைப் பாக்கேன்" என்பாள். எனக்கு அது பெரிய பெருமை. மில்லில் நூற்பு ராட்டுகளின் இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஊருக்கே அளவுகோலாக உட்கார்ந்திருப்பேன். ஒரு திங்கட்கிழமை அவள் வெகுநேரம் விடவில்லை. குமிழைத் திருப்பினாள், பின்னால் திருப்பினாள், ஹெட்போனை மாற்றினாள், ஒயரை மாற்றினாள். "மெஷினை மாத்து வத்சலா, போய்ட்டு போலிருக்கு" என்று உள்ளேயிருந்து சொன்னேன். கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆளை வரவழைத்துக் காட்டினாள், மெஷினில் ஒன்றுமில்லை என்றான். அடுத்த வாரம், "திங்கக்கிழமையாவது கொஞ்சம் கூடத் தூங்குங்க, ஷைனி வந்து உக்காந்துக்கிடுவா" என்றாள். நானும் தூங்கினேன். எவ்வளவு நல்ல பெஞ்சாதி என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

நினைத்தது சரிதான், காரணம்தான் வேறு. இதற்குக் கோபம் வர வேண்டுமா? வந்து பார்த்தது, நிற்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள், முகத்தைப் பார்த்து, பக்குவமாக, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துச் சொல்லுகிறவள். சொல்லவும் செய்தாள். ஒரு நாள் தோசை சுட்டுக்கொண்டே, "ஒரு தடவ ஒங்களுக்கும் முழு டெஸ்ட் எடுத்துப் பாப்பமா?" என்றாள். நான் சிரித்தேன். "எனக்க காதையா? ஒனக்க கடையே எனக்க காதை வச்சுல்லா ஓடுது." தோசையைத் திருப்பிப் போட்டாள், முறுகலாக ஒன்று எடுத்து வைத்தாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அவள் என்னை மாற்றப் பார்க்கவில்லை. பெல்லை மாற்றினாள், குரலை மாற்றினாள், பக்கம் மாறி நடந்தாள். ஒவ்வொன்றாக, எனக்குத் தெரியாமல், கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி. குலசேகரத்துப் பிள்ளைக்குச் செய்த மாதிரி. மெஷின் மாட்டாமலேயே எனக்கு மெஷின் மாட்டி வைத்திருந்திருக்கிறாள். பட்டை நின்றது. விரல். நான் விரலைப் பார்க்கிறேன், திரையைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பருத்த விரல், மோதிரம் இறுகி அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு தடம். டிக், என்று நானே மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். டிக். "வத்சலா, மச்சினன் கல்யாண வீடியோவை அழிச்சுட்டேன்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை, எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கண்ணைத் திறக்காமல், "அதுல எனக்க மாம்பழக்கலர் சேலை நல்லா இருக்குமே" என்றாள். "அவன்கிட்ட சொல்லிராத." "அவன் எங்க அதப் பாக்கப்போறான், அந்தக் கல்யாணத்த நெனச்சாலே அவனுக்கு வயித்தெரிச்சல்." விரல் அப்படியே நின்றது. பிறகு இன்னொரு கையால் சர்வரின் பக்கவாட்டைத் தடவினாள், ஜுரம் பார்ப்பது மாதிரி. "இப்ப வேகமா அடிக்கி. விடாம அடிக்கி. ஏங்க, எவ்வளவு இருக்கு?"

கொஞ்சம்தான். விரலளவு. திரையில் பச்சைப் பட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு விரலளவு. அது நகரவில்லை. நின்ற இடத்திலிருந்து தொடர், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள் என்றுதான் கட்டளை கொடுத்திருக்கிறேன். அது கேட்டுக்கொண்டே இருக்கிறது, டிஸ்க் தேடிக்கொண்டே இருக்கிறது, நான் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், செய்வதற்கு வேறொன்றும் இல்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியும், ஒயர் இழுக்கத் தெரியும், இது நம் கையில் இல்லை. ஜெனிஷாவின் அப்பா ஒருமுறை பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். தலையில் சுமந்து பஸ் ஏறி வந்தது. அந்தப் பழத்தின் வாசனை இந்த அறையில் இப்போது அடிக்கிறது, அடிக்காது, ஆனால் அடிக்கிறது. இசக்கியப்பன் சனிக்கிழமை வராமல் திங்கட்கிழமை வந்திருந்தால். வந்தவர் மெஷின் வேண்டாம் என்று திரும்பிப் போயிருந்தால். தெற்குப் பக்கம் நல்லதில்லை என்றார். எனக்குத் தெற்கைப்போல நல்ல திசை கிடையாது இன்றைக்கு. "நின்னுட்டு" என்றாள் வத்சலா. விரல் இறங்கியிருந்தது. "என்னது?" "சத்தம். டிக் நின்னுட்டு." "சுத்துதா?" சர்வரில் காதை வைத்தாள், இடது காது, பிறகு வலது காது. என்னைப் பார்த்தாள். "சுத்தல. ஃபேன் மட்டுந்தான் ஓடுது." நான் திரையைப் பார்த்தேன். வெள்ளை இடம் இல்லை. பச்சை ஓரத்தைத் தொட்டிருந்தது. எப்போது தொட்டது? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தொட்டிருக்கிறது. அடுத்து வரிசையில் நின்ற கோப்பு, காத்திருப்போர் அறையில் ஓடுகிற விளம்பரப் படம், பாதியிலேயே செத்துக் கிடந்தது. போகட்டும்.

உடனே நம்பவில்லை. பொருத்தும் அறையில் காலையிலேயே திறந்து வைத்திருந்த கணினியில் அந்தப் பிரதியைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். நான் அவளுக்கு இடது பக்கம் நின்றேன், அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என் இடது பக்கத்துக்கு வந்தாள். பெயர்கள் வரிசையாக வந்தன. குலசேகரம் என்று தட்டினாள். ஜெனிஷா வந்தாள், வளைந்து வளைந்து போகிற இரண்டு கோடுகளாக, நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று. வத்சலா சுட்டியைக் கொண்டுபோய் ஒரு வளைவின் மேல் வைத்தாள். "இது மழைக்கு" என்றாள். மேசையில் தலையைக் கவிழ்த்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன், பிறகு சின்ன அறைக்குத் திரும்பிப் போய் என் கறுப்புப் பெட்டியின்மேலும் ஒரு தட்டுத் தட்டினேன். சூடாக இருந்தது. எந்த அட்டையிலும் பேர் இல்லாமல் வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை ஆள் வந்து புது டிஸ்க் போட்டால் ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்துவிடும்.

பூட்டிவிட்டு இறங்கும்போது வெயில் தணிந்திருந்தது. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். "நாளைக்குத் திங்கக்கிழமைலா" என்றேன். "ஆமா." "காலையில நானும் வாரேன்." "எதுக்கு? ஷைனி இருக்காளே." "மெஷினைப் பாக்க ஷைனி இருக்கட்டும். நான் என்னைப் பாக்க வாரேன்." அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஜவுளிக்கடை, பழக்கடை, மருந்துக்கடை. மருந்துக்கடை தாண்டியதும் என் சட்டையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள், வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தி. வீட்டுக்கு வந்து அவள் விளக்கேற்றினாள். மாடிப்படிக்குக் கீழே பெட்டி இருந்த இடம் தூசி இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது. நான் கூடத்தில் நின்று சுவர்களைப் பார்த்தேன், அந்தப் பெயிண்டை. "வத்சலா." "என்ன?" "இப்பச் சொல்லுதா?" எது என்று அவள் கேட்கவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விரலைத் தூக்கினாள். "எங்கன?" "கடிகாரத்துக்குப் பின்னால. அங்கதான் எப்பவும்." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அது எந்தத் திசை?" "கெழக்கு." "கெழக்குல சொன்னா நல்லதா?" "எனக்கு அதெல்லாம் தெரியாது. இசக்கியப்பன் வருவாரு, கேட்டுச் சொல்லுதேன்" என்றாள், இத்தனை வருஷமாக எனக்கென்று வைத்திருந்த அந்தக் குரலில்.